பூச்சு வேலைக்கு முன்னால் பைப்பைப் பதியுங்கள்: ஹோம் தியேட்டர் வயர் கேள்வி-பதில்

டிவி, ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். வயர் மட்டும் கடைசி நிமிடத்தில் கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பதுதான். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் அதைப் பற்றியே இருப்பதால் மொத்தப் பகுதியையும் வயருக்கே ஒதுக்கிவிட்டேன்.

மன்னார்குடியில் புது வீடு கட்டுகிறோம். ஹால் 20 அடி நீளம், 14 அடி அகலம். அடுத்த வாரம் பூச்சு வேலை தொடங்குகிறது. புரொஜெக்டர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் (அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) வைக்க ஆசை. எலக்ட்ரீஷியன் முக்கால் இன்ச் பைப் போதும் என்கிறார். படமும் ஒலியும் சேர்ந்து போகும் எச்.டி.எம்.ஐ. கேபிள் 300 ரூபாய்க்கும் இருக்கிறது, 9,000 ரூபாய்க்கும் இருக்கிறது. எதை வாங்குவது?

கேபிளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பைப். பூச்சு வேலைக்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய காரியம். பூசி, வெள்ளையடித்து, குடிபோன பிறகு கேட்பவர்களுக்கு, வயரை மறைக்கச் சுவரோடு பட்டை ஒட்டுங்கள் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருப்பதில்லை.

எச்.டி.எம்.ஐ. 2002 கடைசியில் வந்தபோது நொடிக்கு 5 ஜிகாபிட்டுக்குச் சற்றுக் குறைவான தகவல்தான் அதில் ஓடியது. 2013இல் 18 ஜிகாபிட் ஆனது. 2017இல் 48. செருகும் வாய் அன்றைக்கு இருந்த அதே வாய்தான், ஆனால் பழைய கேபிள் புதிய வேகத்தைத் தாங்காது. ஆகவே இன்று எவ்வளவு நல்ல கேபிளைப் பதித்தாலும் ஒருநாள் உருவி எடுத்து வேறொன்று இழுக்க வேண்டி வரும். அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

எச்.டி.எம்.ஐ. முனை ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அகலம். முக்கால் இன்ச் பைப்பின் வெளிவிட்டமே 20 மில்லிமீட்டர்தான், உள்ளே இன்னும் குறைவு. வாயிலேயே நின்றுவிடும். எலக்ட்ரீஷியனிடம் வாக்குவாதம் வேண்டாம். ஒரு கேபிளைக் கொண்டுபோய் அவர் கண் முன்னால் அந்தப் பைப்பில் நுழைத்துக் காட்டுங்கள், அவரே புரிந்துகொள்வார். 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் இன்ச் பைப் போடச் சொல்லுங்கள். திருப்பங்களில் குறுகிய எல்போ கூடாது, நீளமான பெண்ட் வேண்டும். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள், பின்னாளில் கேபிள் இழுக்க அதுதான் உதவும். கரண்ட் வயர் ஓடும் பைப்பில் இதைச் சேர்க்கவே கூடாது. இது தனிப் பைப், கரண்ட் பைப்பிலிருந்து ஓர் அடியாவது தள்ளி.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இருந்த எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வரும். எங்கள் வீட்டில் அப்படி வந்த ஒன்று டிவிக்குப் பின்னால் திறந்து கிடந்த பைப் வாய் வழியாக இறங்கி, மூன்று வயரைச் செம்பு தெரியத் தெரியக் கொறித்திருந்தது. பைப்பின் இரண்டு முனையையும் இரும்பு வலைத் துண்டு வைத்து அடைத்துவிடுங்கள்.

இனி எச்.டி.எம்.ஐ. ரிசீவரிலிருந்து (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) சுவர் ஏறி, கூரையோடு போய் புரொஜெக்டரைத் தொட உங்கள் ஹாலில் 25 அடி ஆகும். கொஞ்சம் தளர்வும் சேர்த்து 10 மீட்டர் வாங்க வேண்டும். அந்த நீளத்துக்குச் சாதாரண செம்புக் கேபிள் சரிப்படாது. 4கே படத்துக்கு 18 ஜிகாபிட் வரை தேவைப்படும். 5 மீட்டர் வரை செம்பை நம்பலாம், அதற்கு மேல் ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. வாங்குங்கள். உள்ளே கண்ணாடி இழை இருக்கும். ஒரு முனையில் சோர்ஸ் (ரிசீவர் பக்கம்) என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே (புரொஜெக்டர் பக்கம்) என்றும் எழுதியிருக்கும், மாற்றிச் செருகினால் படம் வராது. சுவருக்குள் இழுப்பதற்கு முன்னால் தரையில் விரித்து வைத்து, இரு பக்கமும் செருகி, ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் மினுங்கினாலோ, நடுவில் சில நொடி திரை கறுத்து மீண்டாலோ அப்படியே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டிவிக்கும் அதன் கீழே இருக்கும் பெட்டிக்கும் இடையில் 2 மீட்டர்தான் என்றால் 300 ரூபாய்க் கேபிளே போதும். இது டிஜிட்டல் சங்கதி. 9,000 ரூபாய்க் கேபிள் நிறத்தை ஆழமாக்காது, கறுப்பைக் கூடுதல் கறுப்பாக்காது. பெட்டியில் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்று, போனால் ஸ்கேன் செய்யும்படியான சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெறுமனே '2.1 கேபிள்' என்று அச்சடித்திருப்பது சான்று ஆகாது.

மிச்சம் பிடித்த பணத்தை ஸ்பீக்கர் வயரில் போடுங்கள். பின்பக்க ஸ்பீக்கர்கள்தான் உங்கள் ஹாலின் கடைமடை. வாய்க்கால் குறுகலாக இருந்தால் தலைமடைக்காரருக்குக் குறை தெரியாது, கடைமடையில்தான் தெரியும். ரிசீவரிலிருந்து சுவரோரமாகப் பின்னால் போக சுமார் 12 மீட்டர். போகவும் வரவும் 24 மீட்டர் செம்பு. செட்டோடு கொடுக்கும் மெல்லிய 0.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் அந்தத் தூரத்துக்குத் தடை 0.8 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது பத்தில் ஒரு பங்கு. ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 1.5 வயரில் 0.28 ஓம், 2.5 வயரில் 0.17 ஓம். ஸ்பீக்கரின் முதுகில் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கும். 4 ஓமாக இருந்தாலும் 2.5 தாங்கும். ஆக, முன்னால் மூன்றுக்கும் 1.5, பின்னால் இரண்டுக்கும் 2.5.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் சிவப்பு, கறுப்பு வயரைப் போட்டாலும் சத்தம் ஒன்றுதான். ஆனால் பத்து வருஷம் கழித்து வரும் வேறொரு எலக்ட்ரீஷியன் அதைக் கரண்ட் வயர் என்று நினைத்து இணைத்துவிட வாய்ப்பு உண்டு. இரட்டை ஸ்பீக்கர் வயராகவே வாங்குங்கள். சுவருக்குள் எங்கேயும் ஒட்டுப்போட விடாதீர்கள்.

எங்கள் ஊர் (வலங்கைமான் பக்கம்) அம்மன் கோயில் திருவிழாவில் மைக்செட்காரர் தெருக்கோடி வரை மெல்லிய வயரைத்தான் இழுக்கிறார். ஹார்ன் எல்லாம் அலறுகிறது. 12 மீட்டருக்கு மட்டும் ஏன் தடித்த வயர்?

நல்ல கேள்வி. மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபயர் சத்தத்தை 100 வோல்ட் லைனாக ஏற்றி அனுப்புகிறது. ஒவ்வொரு ஹார்னிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்து அதை இறக்கிக்கொள்கிறது. மின்வாரியம் உயர் அழுத்தக் கம்பியில் கரண்டைக் கொண்டுவந்து, தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்குகிறதே, அதே வேலைதான். 100 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் வயரில் 1 ஆம்பியர் போகும். அதே 100 வாட்டை வீட்டு ரிசீவர் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்பும்போது 28 வோல்ட், மூன்றரை ஆம்பியர். ஒரே வயரில் இழப்பு பன்னிரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். அதனால்தான் தடித்த வயர்.

மைக்செட்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: பிளஸ், மைனஸ் மாறாமல் இணைப்பது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் மெலிந்துவிடும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. வயரை ரிசீவரிலிருந்து கழற்றி, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை அந்த முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்குப் போனால் அதன் கோன் (முன்னால் அதிரும் கூம்பு) வெளியே துள்ளும்.

கும்பகோணத்தில் பழைய வீடு. சப்வூஃபரில் எப்போதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கடையில் 4,500 ரூபாய் கேபிள் போட்டால் போய்விடும் என்கிறார்கள். போகுமா?

அநேகமாகப் போகாது. காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபிள் டிவி வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். கேபிள்காரரின் வயர் தெருவில் ஓர் எர்த்தையும், உங்கள் ரிசீவர் வீட்டில் வேறோர் எர்த்தையும் பிடித்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓடும் சின்னக் கரண்டுதான் 50 ஹெர்ட்ஸில் முனகுகிறது. அந்த வயருக்கு, எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் போட்டால் தீரும்.

நிற்கவில்லை என்றால் எர்த்தைப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், மேல் ஓட்டையின் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் வரும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 230 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். உப்பும் கரியும் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறோம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் கொடுங்கள்.

எர்த் பின்னை ஒடித்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரைச்சல் நிற்கலாம். கசிவு வந்த அன்று ரிசீவரைத் தொடும் பிள்ளைக்கு ஷாக் அடிக்கும்.

மயிலாடுதுறையில் 'பியூர் காப்பர்' என்று சொல்லி ஒரு சுருள் ஸ்பீக்கர் வயர் விற்றார்கள். வீட்டில் முறுக்கும்போதே இழை ஒடிகிறது. துண்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன். திருப்பிக் கொடுக்கப் போனால் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லில் அடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.

நீங்கள் கவரில் வைத்து அனுப்பிய இரண்டு அங்குலத் துண்டைப் பிரித்து, ஓர் இழையை மேஜையில் வைத்து பிளேடால் சுரண்டினேன். இரண்டாவது சுரண்டலிலேயே சிவப்பு போய் வெள்ளி நிறம் தெரிந்தது. மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். கையில் எடுத்தாலே காற்றாக இருந்தது. செம்பின் எடையில் அலுமினியம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்த வயரை இன்னதென்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் தப்பில்லை. 2.5 அளவில் இதைப் போட்டால் 1.5 செம்பு செய்யும் வேலையைச் செய்யும். செம்பு என்று சொல்லி, செம்பின் விலையை வாங்கியதுதான் ஏமாற்று. சிறுகச் சிறுகச் சேர்த்து வீட்டுக்கு ஒரு நல்ல செட் வாங்குபவர்களிடம் இதைச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

பில்லில் அடித்திருக்கும் அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. முதலில் பில், மீதி வயர், சுரண்டிய இழையின் போட்டோ மூன்றோடும் கடைக்குப் போய் நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை.

அடுத்த முறை கடையிலேயே ஓர் இழையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வயர் வைத்திருப்பவர் முகம் சுளிக்க மாட்டார்.

வேதாரண்யத்தில் இருக்கிறோம். உப்புக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது. தங்க முலாம் பூசிய முனை வாங்கலாமா?

வாங்கலாம். தங்கத்தால் சத்தம் கூடாது, ஆனால் உப்புக் காற்றில் அது கறுக்காது. இதற்காக விலை கூடிய கேபிள் தேட வேண்டியதில்லை, சாதாரணக் கேபிள்களிலேயே இன்று முலாம் பூசி வருகிறது. ஸ்பீக்கர் வயரின் முனைதான் பச்சை பூத்துப்போகும். அதற்கு பனானா பிளக் (வயர் முனையில் மாட்டும் செருகி) போடுங்கள். வெறும் வயராகவே செருகியிருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை அரை அங்குலம் வெட்டி, புதுச் செம்பு தெரியச் சீவிச் செருகுங்கள். இதற்கென்று இரண்டு அடி வயரைக் கூடுதலாகச் சுருட்டி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. கூரையிலிருந்து இறங்கும் டிஷ் வயரையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி அந்த வழியாக வந்து எச்.டி.எம்.ஐ. வாயை எரிப்பதுதான் அதிகம்.

பாபநாசத்தில் சவுண்ட்பார் மட்டும் வாங்கியிருக்கிறோம். ஆப்டிகல் வயரா, எச்.டி.எம்.ஐ.யா?

எச்.டி.எம்.ஐ. ஆப்டிகல் வயரில் (ஒலி மட்டும் போகும் வயர், மேலே சொன்ன ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. வேறு) சாதாரண 5.1 ஒலி போகும், தலைக்கு மேலிருந்தும் ஒலிப்பதுபோல் கேட்கும் அட்மாஸ் போகாது. டிவியில் ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. வழியாக சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) இல்லாத பழைய மாடல் என்றால் ஆப்டிகல் போடுங்கள், இரைச்சல் தொல்லையும் இருக்காது. எச்.டி.எம்.ஐ. என்றால் டிவிக்குப் பின்னால் ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் வாயில் மட்டும் செருகுங்கள். பக்கத்து வாயில் செருகிவிட்டு சவுண்ட்பார் ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர்.