துபாய் பிளாட்டில் கோடையானால் கரப்பான் பெருகுவது ஏன், என்ன செய்வது?

முதலில் எந்தக் கரப்பான் என்று பாருங்கள். செம்பழுப்பாக, கட்டைவிரல் நீளத்துக்கு இருந்தால் அது சாக்கடையிலிருந்து ஏறி வருவது. குளியலறைத் தரைவடிகாலின் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அதற்குத் தடை. பாலைவன வறட்சியில், புழங்காத குளியலறையில் அது வற்றிவிடும், வழி திறந்துகொள்ளும். வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போகும்போது அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் விட்டால் சீக்கிரம் ஆவியாகாது.

சின்னதாக, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகளோடு இருந்தால் அது அடுப்படியிலேயே குடித்தனம் நடத்துவது. இதற்குக் கரப்பான் தின்று சாகும் ஜெல் மருந்துதான் சரி. மிளகு அளவுப் பொட்டுகளாக அலமாரிக் கீல், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், சிங்க்கின் அடிப்புறம் வையுங்கள். பலர் இங்கேதான் கெடுக்கிறார்கள்: ஜெல் வைத்த இடத்திலேயே ஸ்ப்ரேயும் அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது, ஜெல் வீண். ஒரு முட்டைக்கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சுகள் இருக்கும். அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி வைக்க வேண்டும். இரவில் சிங்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள். இந்த ஊரில் உணவைவிடத் தண்ணீரைத்தான் அது தேடி வருகிறது.

பூச்சி கொல்ல என்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஈரக்காற்று பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். சுவர் விரிசல், ஏசி குழாய் வழியே பக்கத்து வீட்டுக்கும் போகும். அப்படி அடுத்த வீட்டுக் குழந்தைகளே இறந்திருக்கிறார்கள்.