மெட்டு எங்கே போயிற்று?

அன்புள்ள ஐயா,

புதிதாக வரும் எலக்ட்ரானிக் இசை என்று சொல்லி மகன் ஹெட்போனை மாட்டிவிட்டான். பல்லவி வரும், வரும் என்று பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தேன். பழைய ஃப்ரிட்ஜ் இரைகிற மாதிரி ஒரே 'ம்ம்ம்'. சபாவில் கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பதை மட்டும் தனியாக விற்கிறார்களா? நீங்கள் இதை நிஜமாகவே ரசிக்கிறீர்களா?

ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

நிஜமாகவே ரசிக்கிறேன். ஆனால் ஃப்ரிட்ஜ் என்றீர்களே, அதில் பாதி நியாயம் உண்டு. தூங்குவதற்கு, படிப்பதற்கு என்று மழைச் சத்தத்தின்மேல் நாலு சிந்தசைசர் ஸ்வரத்தை இழுத்துவிட்டு வாராவாரம் வருகிற சரக்கில் பெரும்பகுதி அதுதான். பத்து நொடியில் தள்ளிவிடுவேன்.

கனடாக்காரர் டிம் ஹெக்கரின் 'நோ ஹைஸ்' (2023) ஆல்பம் வேறு ரகம். தந்தியடிப்பதுபோல ஒரு துடிப்பு விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். நடுவே சாக்ஸபோன் வந்து கலக்கும். அதைப் போட்டுவிட்டு என்னால் தூங்க முடிந்ததில்லை.

சுருதி விஷயத்துக்கு வருகிறேன். தம்பூராவில் தந்திக்கும் அதைத் தாங்குகிற குதிரை என்ற கட்டைக்கும் நடுவே ஜீவாளி என்று ஒரு நூல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மயிரிழை நகர்த்தினால் போதும், மொட்டையாக இருந்த ஒலி வண்டு ரீங்காரமாக விரியும். கச்சேரியில் பாடகர் வாயைத் திறந்ததும் நாம் அதை மறந்துவிடுகிறோம். இந்த இசையில் பாடகர் வரவே மாட்டார். அந்த நூலை நகர்த்துவதுதான் பன்னிரண்டு நிமிடமும் நடக்கிறது. பல்லவிக்குக் காத்திருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இன்னொன்று. இது நேற்று முளைத்த வெளிநாட்டுப் பைத்தியமும் இல்லை. 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் (என்.ஐ.டி.) 'மூக்' என்ற சிந்தசைசரை வைத்து ஒரு ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். இசைக்கலைஞர் கீதா சாராபாய் முதலானோர் அதில் பதிவு செய்த டேப்புகள் பல வருடம் அங்கேயே கிடந்தன. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பால் பர்காஸ் தேடியெடுக்க, 2023இல்தான் 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்று வெளியாயின. எல்லாமே அற்புதம் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில், புதுச் சைக்கிள் கிடைத்த பையன் தெருவெல்லாம் பெல் அடித்துக்கொண்டு போகிற குஷிதான் கேட்கிறது. எனக்கு அந்தக் குஷியே பிடித்திருந்தது.

முதலில் இந்த என்.ஐ.டி. டேப்புகளிலிருந்து ஆரம்பியுங்கள். ஹெட்போன் வேண்டாம், ராத்திரி தெரு அடங்கியபிறகு ஸ்பீக்கரில், சன்னமாக. அப்புறம் மகன் போட்டுக்காட்டிய ஆல்பத்தின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஃப்ரிட்ஜ்தான் என்றால் நானே ஒப்புக்கொள்கிறேன்.