யாழ்ப்பாணத்தில் வைத்தியரின் கவலையீனத்தால் ஒருவர் இறந்தால் வழக்குப் போடலாமா?

போடலாம். நாங்கள் போடப் போய்ப் போடாமல் திரும்பிய கதையைச் சொல்கிறேன்.

பெரியம்மா பித்தப்பை ஒப்பரேசனுக்குப் போனவ. மூன்றாம் நாள் வயிறு ஊதிக் காய்ச்சல். "எல்லாருக்கும் வாறதுதான்" என்றார்கள். ஐந்தாம் நாள் ஆள் இல்லை. (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.) "அவவை இன்னும் வெட்ட வேண்டாம்" என்று பெரியப்பா, சாவில் சந்தேகம் இல்லையெனக் கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் கோம்பயன்மணலில் எரித்தாயிற்று. அந்திரட்டி (31ஆம் நாள் கிரியை) முடிந்து சனம் கலைந்த பிறகுதான் அண்ணாவுக்கு வழக்கு நினைப்பு வந்தது. சட்டத்தரணி முதலில் கேட்டது பிரேத பரிசோதனை அறிக்கையைத்தான்.

டாக்டர் பிழை விட்டார் என்று காட்டுவது பாதி வழக்கு. அந்தப் பிழையால்தான் உயிர் போனது என்பது மற்றப் பாதி, அதிலேதான் சறுக்கும். குழந்தை வைத்தியப் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான வழக்கில் மூளைக் கட்டியைக் கண்டுபிடிக்கத் தவறியதற்காக மாவட்ட நீதிமன்றம் பிள்ளையின் தகப்பனுக்கு 50 இலட்சம் ரூபா கொடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் கவலையீனத்தை ஏற்றும், மரணத்துக்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை என்று சொல்லி நட்டஈட்டை இல்லாமல் செய்தது. நேரத்துக்குக் கண்டுபிடித்திருந்தாலும் அந்தக் கட்டியிலிருந்து பிள்ளை தப்பியிருக்குமா என்ற கேள்விக்கு விடை இல்லை. எங்களுக்கோ உடம்பே இல்லை.

ஆகவே சந்தேகம் இருந்தால் மரண விசாரணை அதிகாரியிடம் அன்றைக்கே சொல்லுங்கள், சட்ட வைத்திய அதிகாரி பார்க்கட்டும். பொலிஸ் முறைப்பாடு தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவுக்கு (கவலையீனத்தால் மரணம் விளைவித்தல்) போகும், கூடியது 5 வருடச் சிறை. மருத்துவ சபை வைத்தியரின் பதிவை நீக்கலாம், காசு வாங்கித் தராது. நட்டஈட்டு வழக்கை 2 வருடத்துக்குள் போட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் வேண்டும். இந்திய யூடியூப் பார்த்துவிட்டு நுகர்வோர் நீதிமன்றம் என்று தேடாதீர்கள், இங்கே அப்படியொன்று இல்லை.

2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டுக் கேட்டு, பெரியம்மாவின் பி.எச்.ரி. (வார்டில் நாளாந்தம் எழுதும் நோயாளர் குறிப்பு) நகலை அண்ணா கடைசியில் எடுத்தார். நான்காம் நாள் பக்கத்தில் இரண்டு வரிதான் எழுதியிருந்தது.