மாடிப்படி விளக்கு பாதியில் அணைவது ஏன்?

கேள்வி: வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட்டில் மாடிப்படி விளக்குக்கு ஓர் ஆட்டோமேஷன் (தானியங்கி விதி) எழுதியிருக்கிறேன். அசைவு சென்சார் ஆன் ஆனதும் ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஓடி, நேரத்துக்கு ஏற்ற வெளிச்ச அளவைக் குறித்து வைக்கும். பிறகு விளக்கு அந்த அளவில் எரியும், 2 நிமிட டிலே (காத்திருப்பு) முடிந்ததும் அணையும். ஆனால் ஆள் படியில் இருக்கும்போதே அணைந்துவிடுகிறது. டிலேயை 5 நிமிடமாக்கியும் தீரவில்லை. கரண்ட் போய் வந்தால் சில நாள் விடியும்வரை எரிகிறது. நள்ளிரவில் சில சமயம் முழு வெளிச்சத்தில் எரிகிறது. எங்கே தவறு?

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. டிலேயைக் கூட்டிக் குறைப்பதை முதலில் நிறுத்துங்கள். எண்ணை மாற்றினால் கோளாறு தலைகாட்டும் நேரம்தான் மாறும்.

அந்த ஆட்டோமேஷனின் டிரேஸை, அதாவது அது ஓடிய விதத்தின் பதிவை, திறந்து பாருங்கள். எந்தப் படி எத்தனை மணிக்கு ஓடியது என்று நொடிக்கணக்கில் இருக்கும். இயல்பாகக் கடைசி 5 ஓட்டங்களைத்தான் அது வைத்திருக்கும். இரவில் நடந்ததைக் காலையில் பார்க்க வேண்டுமானால் 'ஸ்டோர்டு டிரேசஸ்' அளவை 20 ஆக்கிக்கொள்ளுங்கள்.

விளக்கு பாதியில் அணைவதற்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி தூண்டப்பட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்வது ஆட்டோமேஷனின் மோட். அதை நீங்கள் குறிப்பிடாவிட்டால் அது 'சிங்கிள்'. ஒருமுறை ஓடத் தொடங்கினால், முடியும்வரை வரும் புதிய டிரிகர்கள் (ஆட்டோமேஷனைத் தொடங்கிவைக்கும் நிகழ்வுகள்) எல்லாம் வீண். லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) ஓர் எச்சரிக்கை மட்டும் விழும். 5 நிமிட டிலேயில் 4 நிமிடம் 50 நொடி ஆனபோது ஒருவர் படியில் கால் வைத்தால், அவருக்குக் கிடைப்பது 10 நொடி வெளிச்சம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மோடை 'ரீஸ்டார்ட்' (புதிய டிரிகர் வந்தால் ஓட்டத்தை முதலிலிருந்து தொடங்குவது) ஆக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் தீரும். ஆள் அங்கேயே நடமாடிக்கொண்டிருந்தால் சென்சார் தொடர்ந்து ஆன் நிலையிலேயே இருக்கும். புதிதாக ஆன் ஆகாததால் டிரிகரும் வராது, டிலே தன் போக்கில் முடிந்துவிடும். எனவே கணக்கை அசைவு தொடங்கிய நேரத்திலிருந்து ஆரம்பிக்காமல், நின்ற நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

இதற்கு, சென்சார் ஆஃப் ஆகும் நிகழ்வுக்காகக் காத்திருக்கும் 'வெயிட் ஃபார் டிரிகர்' படியை வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படிக்கு வரும்போதே சென்சார் ஆஃப் ஆகியிருந்தால், அடுத்த முறை ஆஃப் ஆகும்வரை அது காத்துக் கிடக்கும். ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருக்கும் 'வெயிட் டெம்ப்ளேட்' அப்படியில்லை. நிபந்தனை ஏற்கெனவே சரியாக இருந்தால் உடனே தாண்டிப் போய்விடும்.

விடியும்வரை எரிவதற்குக் காரணம், டிலே நினைவில் மட்டுமே இருப்பது. கரண்ட் போய் ஹோம் அசிஸ்டன்ட் மறுபடி தொடங்கினால், பாதியில் நின்ற ஓட்டம் தொடராது. அணைக்கும் கட்டளையும் அதோடு போயிற்று. டிரிகரில் 'ஃபார்' (இத்தனை நேரம் அதே நிலையில் இருந்தால் என்பது) போட்டு வைக்கும் காத்திருப்பும் இப்படித்தான் தொலையும்.

ஆகவே டைமர் ஹெல்பர் (ஆட்டோமேஷனுக்கு வெளியே தனியாக ஓடும் நேரக்கணக்கு) ஒன்றை உருவாக்கி, வேலையைப் பிரித்துவிடுங்கள். சென்சார் ஆன் ஆனால் டைமரை கேன்சல் செய்து விளக்கைப் போடு. ஆஃப் ஆனால் டைமரைத் தொடங்கு. டைமர் முடிந்தால் அணை. ஹோம் அசிஸ்டன்ட் தொடங்கியதும் டைமரையும் தொடங்கு. நான்கும் நொடியில் முடியும் வேலைகள் என்பதால் ஒன்றின் நடுவே இன்னொன்று சிக்காது. கேன்சல் செய்தால் 'முடிந்தது' என்ற நிகழ்வு வராது, அதனால் விளக்கு தவறி அணையாது. பேட்டரி சென்சார்கள் பல, அசைவு நின்று ஒரு நிமிடமோ அதற்கு மேலோ கழித்துத்தான் ஆஃப் என்று சொல்லும். அதனால் டைமருக்கு 2 நிமிடமே தாராளம்.

இனி நள்ளிரவு வெளிச்சம். வெளிச்சம் கணக்கிடும் ஸ்கிரிப்டை 'ஸ்கிரிப்ட் டர்ன் ஆன்' என்ற கட்டளை மூலம் கூப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது ஸ்கிரிப்டைக் கிளப்பிவிட்டு, முடியும்வரை நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். புதிய அளவு எழுதப்படும் முன்பே விளக்கு எரிந்தால், மாலையில் இருந்த பழைய அளவைத்தான் எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டை அதன் பெயராலேயே நேரடியாகக் கூப்பிடுங்கள்; அது முடிந்த பிறகே அடுத்த வரி ஓடும். நடுவில் ஒரு நொடி டிலே வைத்து ஒப்பேற்ற வேண்டாம், சிஸ்டம் திணறும் நாளில் அந்த ஒரு நொடி போதாது.

எல்லாம் மாற்றியதும், விளக்கு எரியும்போதே ஹோம் அசிஸ்டன்ட்டை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அது எழுந்து 2 நிமிடத்தில் விளக்கு தானாக அணைய வேண்டும்.