ஆய்வகத்தில் வாங்கும் ‘மனிதக் குடல் புரதம்’ மனிதக் குடலிலிருந்துதான் எடுக்கப்படுகிறதா?

கேள்வி கேட்ட தம்பி சுங்கை சிப்புட்காரராம். நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள்தான். அவருடைய தங்கை புதிதாகச் சேர்ந்த லேப்பில் ஒரு குப்பியில் ‘மறுசேர்க்கை மனிதக் குடல் கொழுப்பமில இணைப்புப் புரதம்’ என்று எழுதியிருந்ததாம். அதைக் கேட்டு அம்மா கலங்கிப்போயிருக்கிறார்.

தம்பி, அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். அதற்காக யாருடைய குடலையும் யாரும் தொடவில்லை. அதில் மனிதருடையது மரபணுவின் வரிசை மட்டும்தான். எஃப்ஏபிபி2 என்ற அந்த மரபணுவை பிளாஸ்மிட் என்ற சின்ன வட்ட டிஎன்ஏவில் சேர்த்து, பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துவார்கள். பாக்டீரியா பெருகப் பெருகப் புரதமும் சேரும். அப்புறம் செல்லை உடைத்துப் புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பார்கள்.

நம் உடம்பில் இது சிறுகுடலின் உட்சுவர்ச் செல்களுக்குள் இருக்கிறது. 132 அமினோ அமிலங்கள் கொண்ட, சுமார் 15 கிலோடால்டன் எடையுள்ள சின்னப் புரதம். கொழுப்பமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. செல்லுக்குள் அதை ஏந்திக்கொள்ள ஒன்று வேண்டும். நம் ஊர்ச் செம்பனை எண்ணெயில் நிறைய இருக்கும் பால்மிட்டிக் அமிலத்தையும் இது பிடிக்கும், ஒரு நேரத்தில் ஒரு மூலக்கூறு மட்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கல்லீரல் வகைப் புரதம் இரண்டைப் பிடிக்கும்.

குடல் செல் சிதைந்தால் இந்தப் புரதம் இரத்தத்தில் கசிகிறது. அதனால்தான் குடலுக்கு இரத்த ஓட்டம் தடைபடும் நோயிலும், குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் குடல் அழுகல் நோயிலும் இதை அளந்து ஆராய்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தை அளக்கும் எலைசா சோதனையில் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல, அளவு தெரிந்த புரதம் ஒன்று ஒப்பீட்டுக்கு வேண்டுமல்லவா? அதற்குத்தான் பெரும்பாலும் இந்தக் குப்பி.

தங்கை ஒரு விஷயத்தை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்: எந்தச் சோதனைக்காக வாங்கினார்கள்? எலைசாவுக்கு என்றால் பெரிய கவலை இல்லை. கொழுப்பமிலம் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று பார்ப்பதற்கென்றால் கவனம் வேண்டும். பாக்டீரியாவின் சொந்தக் கொழுப்பமிலங்கள் உற்பத்தியின்போதே புரதத்தின் குழிக்குள் போய் உட்கார்ந்துவிடும். அவற்றை நீக்காமல் அளந்தால் வரும் எண் தப்பாகத்தான் இருக்கும். கொழுப்பு நீக்கப்பட்டதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் சரி. புரதச் சங்கிலியில் 54-ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் அலனைனா, திரியோனைனா என்றும் பார்க்க வேண்டும். மனிதர்களில் இரண்டு வடிவமும் உண்டு. திரியோனைன் வடிவம் நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்களை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் என்று அமெரிக்காவின் பிமா பழங்குடியினரிடம் நடந்த ஆய்வு 1995-இல் காட்டியது. இரண்டு லேப்களின் முடிவுகளை ஒப்பிடும்போது இதைப் பார்க்காமல் விடுவது எனக்குச் சரியாகவே படவில்லை.

கரைத்த புரதத்தைச் சிறு சிறு குப்பிகளில் பிரித்து உறைய வைக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் கெடும். இது வயிற்றுக்கான மருந்து இல்லை, ஆய்வுக்கு மட்டும். அதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.