சீகன்பால்கு: ஆட்டுத்தோலா, வாலுப்பிள்ளையா?

‘சீகன்பால்கு’ என்ற ஜெர்மன் குடும்பப்பெயருக்கு ஆட்டுத்தோல் என்று பொருளா, வாலுப்பிள்ளை என்று பொருளா என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டுத்தோல். ஜெர்மனில் ‘சீகெ’ என்றால் வெள்ளாடு, ‘பால்க்’ என்றால் விலங்கிலிருந்து உரித்த தோல். தோல் பதனிட்டவருக்கோ ஆட்டுத்தோலில் பை தைத்தவருக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயர் குடும்பப்பெயராக நிலைத்திருக்க வேண்டும்.

அகராதியில் உங்களுக்கு ‘அடங்காத பிள்ளை’ என்று வந்ததற்குக் காரணம், இன்றைய பேச்சு ஜெர்மனில் ‘பால்க்’ அப்படியும் வழங்குவதுதான். தோல் என்பதே பழைய பொருள். ‘பிளாஸபால்க்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், கொல்லன் உலைத் துருத்தி என்று வரும். நம் ‘துருத்தி’யும் தோல்பை, ஊதுகருவி இரண்டையும் குறிக்கிறதே! இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடுத்து, எவ்வளவு பேருக்கு இந்தப் பெயர் என்று கேட்டிருந்தீர்கள். அரிதுதான், மியூலர், ஷ்மிட் போலத் தெருவுக்குத் தெரு கிடைக்காது. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்து தமிழ் அச்சுக்கூடம் நடத்திய லூத்தரன் மதபோதகர் பார்த்தலோமேயு சீகன்பால்கு, 1682-ல் ஜெர்மனியில் சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர். எனவே அந்தப் பக்கத்து லூத்தரன் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் இந்தப் பெயரைத் தேடத் தொடங்குங்கள். சொல்லின் கடைசி ‘க’ வல்லினமாக ஒலிப்பதால், காதில் விழுந்தபடி எழுதிய பழைய பதிவுகளில் எழுத்து மாறியிருக்கலாம். ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் யாரையும் பார்த்தலோமேயுவின் வாரிசு என்று எழுதிவிடாதீர்கள். பட்டப்பெயர்கள் வேறு வேறு ஊர்களில் தனித்தனியாகவும் முளைத்திருக்கும்.