சேமிப்பகச் சர்வரின் விரிவாக்க ஸ்லாட்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: பதினாறு லேன் (lane, தரவு செல்லும் தடம்) நீளமுள்ள ஸ்லாட்டில் இரண்டு போர்ட் கொண்ட பழைய 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டைச் செருகினேன். இரு போர்ட்டுகளும் சேர்ந்து முழு வேகம் தரவில்லை. ஏன்?

பதில்: ஸ்லாட்டின் நீளத்தை நம்ப வேண்டாம், அதற்குள் உண்மையில் எத்தனை லேன்கள் இணைக்கப்பட்டுள்ளன என்பதை மதர்போர்டின் கையேட்டில் பாருங்கள். இந்த ஸ்லாட்டுகளின் தரநிலையான பிசிஐஇயின் 3.0 தலைமுறையில் ஒரு லேன் நொடிக்கு ஏறத்தாழ 985 மெகாபைட் கடத்தும், 2.0 தலைமுறையில் 500 மெகாபைட்தான். கார்டு 2.0 தலைமுறையைச் சேர்ந்ததாகவும் ஸ்லாட்டில் நான்கு லேன்கள் மட்டுமே இணைக்கப்பட்டதாகவும் இருந்தால், ஸ்லாட் 3.0 ஆக இருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது நொடிக்கு 2 ஜிகாபைட்; இரு போர்ட்டுகளுக்கும் ஒரு திசையில் 2.5 ஜிகாபைட் வேண்டும்.

கேள்வி: கையிலுள்ள ரெய்டு கார்டை (பல டிஸ்குகளைத் தானே ஒன்றாக்கி நிர்வகிக்கும் கார்டு) இசட்எஃப்எஸ்ஸுக்கு, அதாவது டிஸ்குகளைத் தானே நிர்வகிக்கும் கோப்பு முறைமைக்கு, பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். டிஸ்குகளை மறைக்காமல் இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் எச்பிஏ கார்டே தேவை.

மறுப்பு: ஒவ்வொரு டிஸ்கையும் தனி ரெய்டு 0 (ஒற்றை டிஸ்க் மட்டுமே உள்ள தொகுதி) ஆக அமைத்து நான் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். கார்டில் பாட்டரி உள்ள கேஷால் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) எழுதும் வேகமும் கூடுகிறது.

பதில்: கார்டு நலமாக இருக்கும்வரை எல்லாம் ஓடும், எனக்குள்ள கவலை அது பழுதாகும் நாளைப் பற்றியது. டிஸ்குகளில் கார்டு தன் அமைப்புக் குறிப்புகளை எழுதி வைப்பதால், வேறு வகைக் கார்டில் மாட்டும்போது அவை அடையாளம் தெரியாமல் போகலாம். அதோடு, எழுதி முடித்துவிட்டதாகக் கார்டு சொல்வதை நம்பி இசட்எஃப்எஸ் அடுத்த வேலைக்குச் செல்லும்போது தரவு இன்னும் கேஷில்தான் இருக்கிறது; பாட்டரி தளர்ந்த நிலையில் மின்சாரம் போனால் இழப்பு ஒரு கோப்போடு நிற்காமல், முழுப் பூலுமே (இசட்எஃப்எஸ் ஒன்றுசேர்த்த டிஸ்க் தொகுப்பு) திறக்காமல் போகலாம்.

மறுப்பு: பாட்டரி தளர்ந்தால் என் கார்டு கேஷைத் தானே நிறுத்திவிடும்.

பதில்: பல கார்டுகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் பாட்டரி இல்லாவிட்டாலும் கேஷைத் தொடரச் சொல்லும் அமைப்பும் அவற்றில் உண்டு. அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். டிஸ்குகளை இடம் மாற்றும் சிக்கலுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேள்வி: பிசிஐஇ வழியே இணையும் நான்கு என்விஎம்இ எஸ்எஸ்டிகளை ஏற்கும் கார்டில் ஒன்று மட்டுமே தெரிகிறது.

பதில்: பதினாறு லேன்களை நான்கு நான்காகப் பிரிக்கும் பைஃபர்கேஷன் அமைப்பைப் பயாஸில் இயக்குங்கள். அந்த வசதி இல்லாத மதர்போர்டுக்கு, பிசிஐஇ சுவிட்ச் சிப் உள்ள கார்டு வேண்டும்.

கேள்வி: எந்த நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்கை வாங்கலாம்?

பதில்: டிஸ்குகளை நீண்ட காலம் ஒப்பிட்டவர்களிடம் கேளுங்கள், அது என் துறை அன்று.

கேள்வி: என் ஸ்லாட்டும் நீளமானது. எட்டு லேன் எச்பிஏ முழு வேகத்தில் ஓடும்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். நீளம் அல்ல, லேன்.

கேள்வி: எச்பிஏ கார்டு கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வலுவான காற்றோட்டமுள்ள சர்வர் பெட்டிகளுக்காகவே அவை வடிவமைக்கப்படுகின்றன. சத்தமில்லாத சிறிய பெட்டியில் அதன் ஹீட்சிங்கை நோக்கி ஒரு சிறிய விசிறியை வையுங்கள்.